ரெண்டு முதலமைச்சர்களைத் தோற்கடித்த சீமை

போன வாரம் தென்னைக்கு உரம் எடுக்க ராஜபாளையம் போயிருந்தேன். கூட என் அக்கா மகனும் வந்தான். வெளிநாட்டில் வேலை, லீவுக்கு வந்திருக்கான். காந்தி கலை மன்றத்தைத் தாண்டும்போது வண்டியை ஓரங்கட்டி, "இது யாரு வீடு தெரியுமா மாப்ள?"ன்னு கேட்டேன். தெரியலைன்னான். பி.எஸ். குமாரசாமி ராஜா வாழ்ந்த வீடு, அவரே ஊருக்கு எழுதிக் கொடுத்துட்டார், நாடு குடியரசான 1950 ஜனவரி 26 அன்னைக்கு சென்னை ராஜ்யத்துக்கு அவர்தான் முதலமைச்சர்னு சொன்னேன். ஸ்ரீகாகுளத்தில் இருந்து மங்களூர் வரைக்கும் ஒரே ராஜ்யமா இருந்த காலம் அது.

"நம்ம ஊர்க்காரரா? அப்புறம் என்ன ஆனார் மாமா?"

"அடுத்த தேர்தல்ல தோத்துட்டார்."

பய சிரிச்சுட்டான். "இதான் மாமா நம்மகிட்ட இருக்குற வியாதி. சொந்த ஊர்க்காரன் முதலமைச்சரா இருக்கான், அவனையே தோக்கடிச்சா ஊரு எப்படி உருப்படும்? அஞ்சு வருஷத்துக்கு ஒருக்க ஓட்டு, ஓட்டுக்கு ஒரு இலவசம். சிங்கப்பூரைப் பாருங்க. ஒரே கட்சி, ஒரே புடி, எங்கயோ போயிட்டான்."

பதில் சொல்ல வாயெடுத்தேன், உரக்கடை வந்துருச்சு. மூட்டை ஏத்துற அவசரத்தில் பேச்சு விட்டுப்போச்சு. ஆனா ஒரு வாரமா வரப்பில் நடக்கும்போதெல்லாம் இதேதான் மண்டைக்குள்ள ஓடுது. ஓட்டுப் போட்டதால எங்க பக்கம் வளர்ந்துச்சா, இல்ல ஓட்டையும் மீறி வளர்ந்துச்சா? பழைய கதைகளை எல்லாம் கிளறிப் பாத்தேன். அதைத்தான் எழுதுறேன்.

முதல்ல மருமகன் பக்கம் உள்ள நியாயத்தைச் சொல்லிடணும். எங்க வட்டாரத்தின் பெரிய மாற்றங்கள் சிலது, சாதாரண சனத்துக்கு ஓட்டே இல்லாத காலத்தில் வந்ததுதான். விருதுநகரில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியா தென்காசிக்கு ரயில் வந்தது 1927-ல். வெள்ளைக்காரன் ஆட்சி. அந்த ரயில் வந்த பிறகுதான் இந்தப் பக்கத்துப் பருத்திக்கும் மிளகாய்க்கும் தூரத்துச் சந்தை கிடைச்சது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினது 1936-ல். ஒரு மில் பல மில் ஆச்சு. பாபநாசத்தில் நீர்மின் நிலையம் வந்தது 1944-ல், உலகப்போர் நடந்துக்கிட்டு இருக்கும்போது. இதுல எதையும் ஓட்டுப் போட்டு யாரும் வாங்கலை.

இன்னொன்னும் உண்டு. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஒரே ரோடு, ஒரே ரயில், ஒரே மலை, ஒரே மழை. சட்டமும் தேர்தலும் ரெண்டு ஊருக்கும் ஒண்ணுதான். கோட்டும் தாலுகா கச்சேரியும் கோயில் கோபுரமும் ஸ்ரீவில்லிபுத்தூர்ல. மில்லுச் சங்கு ராஜபாளையத்தில. இன்னைக்கு ஆள் பெருத்த ஊரு ராஜபாளையம்தான். ஓட்டுத்தான் ஊரை வளர்க்கும்னா ரெண்டும் ஒண்ணுபோல வளர்ந்திருக்கணும். ஒருத்தர் துணிஞ்சு பணம் போட்டது, பக்கத்தில பருத்தி விளைஞ்சது, கையில தொழில் இருந்தது, இதெல்லாம் வாக்குப்பெட்டிக்குள்ள இருந்து வர்ற சமாச்சாரம் இல்ல. சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியும் தளவாய்புரம் நைட்டியும் எந்த மந்திரி அறிவிச்சும் வரலை. தறி ஓட்டத் தெரிஞ்ச கை ஒரு வழியைக் கண்டுபுடிச்சிக்கிச்சு.

இதுவரைக்கும் மாப்ள ஜெயிச்சான்னே வச்சுக்குவோம்.

ஆனா மில்லும் ரயிலும் டவுனுக்கு வந்த கதை. எங்க ஊருக்கு அப்ப என்ன வந்துச்சு? எங்க தாத்தா பொறந்தது ஜமீன் ஊர்ல. சேத்தூர், கொல்லங்கொண்டான், தெற்கே சிவகிரின்னு இந்த மலையடிவாரம் பூரா ஜமீன் காடுதான். எங்க ஊரு எந்த ஜமீன்னு இங்க வேண்டாம், அந்தக் குடும்பத்து ஆளுக இன்னைக்கு நமக்கு வேண்டியவங்க. தாத்தா சொல்லுவார்: களத்தில் நெல்லு அளக்கும்போது கச்சேரி ஆள் வந்து நின்னாத்தான் மரக்காலையே தொடணும். பொலியில கச்சேரிப் பங்கு போக மிச்சம்தான் வீட்டுக்கு. கம்மாய்க் கரை உடைஞ்சா கச்சேரிக்குச் சொல்லணும், அவங்க மனசு வச்சாத்தான் மண்ணு விழும். 1908-லயே குடியானவனுக்கு நிலத்தில் இருக்குற உரிமையைச் சட்டம் எழுதி வச்சிருந்துச்சு. ஆனா அந்தச் சட்டத்தைக் காட்டி ஜமீன் மேல கேஸ் போட ஸ்ரீவில்லிபுத்தூர் கோட்டு வரைக்கும் போய் வக்கீல் வைக்க யாருகிட்ட காசு?

அந்தக் காலத்தில் ஓட்டு யாருக்கு இருந்துச்சு? 1920-ல் சென்னை மாகாண சட்டசபைக்கு முதல் தேர்தல் நடந்தப்ப நாலு கோடிச் சனத்தில் சுமார் 12 லட்சம் பேருக்குத்தான் ஓட்டு. வரி கட்டுறவன், சொத்து உள்ளவன். 1937-ல் அது 60 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல போச்சு. அப்பவும் ஏழு பேருக்கு ஒருத்தர் கணக்குத்தான். அந்த 1937 சபையில் 215 இடம். அதுல 6 இடம் பெரிய நிலச்சுவான்தார்களுக்குன்னே தனியா ஒதுக்கி இருந்தது. நெல்லு அளக்கக் காத்து நின்ன எங்க தாத்தாவுக்கு ஓட்டு இல்ல. அவரைக் காக்க வச்சவங்களுக்குச் சபையில தனி நாற்காலியே இருந்துச்சு. இப்படி இருந்தா வளர்ச்சியில யாருக்கு எவ்வளவுன்னு யார் தீர்மானிப்பா?

சுதந்திரம் வந்த கையோட மாறினது இதுதான். 1947-ல் ஜமீன் வரியைக் குறைக்கச் சட்டம். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம், ஓமந்தூரார் காலத்தில. ஊரு ஊரா ஜமீனை அரசாங்கம் எடுத்துக்கிற வேலை பெரும்பாலும் நடந்தது 1949-க்குப் பிறகு, நம்ம குமாரசாமி ராஜா முதலமைச்சரா இருந்தப்ப. அந்தச் சபையும் எல்லாரும் ஓட்டுப் போட்டு வந்த சபை இல்லைதான், 1946-ல் பழைய முறையில் தேர்ந்தெடுத்தது. ஆனா அடுத்த தேர்தல்ல வயசு வந்த அத்தனை பேரும் ஓட்டுப் போடப் போறாங்கன்னு அதுல உக்காந்திருந்த எல்லாருக்கும் தெரியும். வரப்போற ஓட்டுக்கே அவ்வளவு பலம் இருந்துச்சுன்னு நான் நினைக்கிறேன்.

அளந்து, கல்லு நட்டு, செட்டில்மென்ட் முடிஞ்சு தாத்தா கைக்குப் பட்டா வர அதுக்கப்புறமும் வருஷக்கணக்கா ஆச்சு. வந்த பிறகு நடந்ததைக் கேளுங்க. பட்டாவை வச்சு கூட்டுறவு சொசைட்டியில கடன் வாங்கி இருந்த கிணத்தை இன்னும் ஆழம் வெட்டினார். ஜமீன் காலத்தில் ஏன் வெட்டலைன்னு ஒருநாள் கேட்டேன். "வெட்டுனா தண்ணி எனக்கு, வெள்ளாமை கச்சேரிக்கா?"ன்னார். விளைச்சல் கூடுறதுக்கு விதையும் உரமும் மட்டும் போதாது, கூடினது நம்ம வீட்டுக்கு வரும்கிற நம்பிக்கை வேணும். அந்த நம்பிக்கையைக் கொடுத்தது ஒரு துண்டுக் காகிதம்.

இதுல ஒரு பெரிய ஓட்டை உண்டு. பட்டா கிடைச்சது நிலத்தை உழுது பயிர் செஞ்ச குடியானவனுக்கு. அவன் நிலத்தில் கூலிக்கு வந்தவங்களுக்கு ஒண்ணும் இல்ல. எங்க தாத்தாவுக்குப் பட்டா வந்த அன்னைக்கு, எங்க வயல்ல நாத்து நட்ட குடும்பங்களுக்கு எதுவும் மாறலை. அவங்களுக்கு அந்த வருஷங்களில் புதுசா வந்தது ஓட்டு மட்டும்தான்.

அந்த ஓட்டு முதல்முதலா விழுந்தது 1952-ல். சென்னை ராஜ்யத்தில் சுமார் 2 கோடியே 70 லட்சம் வாக்காளர், 375 இடம். 1937-ஐ விட நாலு மடங்குக்கும் மேல. கைநாட்டு வைக்கிறவன், கூலிக்காரன், வீட்டை விட்டு வெளிய வராத பொம்பளைகள், எல்லாரும் வரிசையில நின்ன முதல் தேர்தல்.

அப்ப நாட்டுல அரிசிப் பஞ்சம். ரேஷன். நெல்லை லெவியா அளக்கச் சொல்லி அதிகாரிகள் களத்துக்கு வருவாங்க. ஜமீன் ஆள் போய் சர்க்கார் ஆள் வந்த மாதிரின்னு தாத்தா சொல்வார். நூல் விலை ஏறி கைத்தறிக்காரன் வீட்டுல அடுப்பு அணைஞ்ச நேரமும் அதுதான். எந்த ஊர்க்காரர் முதலமைச்சர்னு சனம் பாக்கலை, உலையைத்தான் பாத்துச்சு. காங்கிரசுக்கு 375-ல் 152 இடம்தான். மந்திரிகள் பல பேர் தோத்தாங்க. முதலமைச்சர் குமாரசாமி ராஜாவும் சொந்தச் சீமையிலயே தோத்தார்.

இதுல வேடிக்கை, அதே தேர்தல்ல ஸ்ரீவில்லிபுத்தூர் பார்லிமென்ட் தொகுதியில் காமராஜரை ஜெயிக்க வச்சு டெல்லிக்கு அனுப்பினதும் இந்தப் பக்கத்துச் சனம்தான். ரெண்டு பேரும் ஒரே கட்சி. கோபத்தில் கண்ணை மூடிக்கிட்டுக் குத்தினாங்கன்னு சொல்ல முடியுமா? சாதிக்கணக்கு, ஆள் செல்வாக்கு எல்லாம் இருந்திருக்கும், இல்லேன்னு சொல்லலை. ஆனா அடுத்து என்ன நடந்துச்சுன்னு பாருங்க. ராஜாஜி முதலமைச்சரா வந்தார். 1952 ஜூன்லயே உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். தோத்த கட்சியோட ஆட்சிதான் தொடர்ந்துச்சு, ஆனா சனம் எதுக்காக அடிச்சுதோ அது மாறிருச்சு.

குமாரசாமி ராஜா நல்ல மனுஷன். தோத்த பிறகு ஒரிசாவுக்கு கவர்னராப் போனார். 1957-ல் காலமானார். வீட்டை ஊருக்குக் கொடுத்தவரை ஊரு தோக்கடிச்சதுல எனக்கும் ஒரு சங்கடம் உண்டுதான்.

அப்புறம் காமராஜர் காலம். 1954 ஏப்ரலில் இருந்து 1963 அக்டோபர் வரை ஒன்பது வருஷத்துக்கும் மேல. எல்லாரும் எழுதி எழுதித் தேய்ஞ்ச கதை, அதனால எங்க ஊர்ல கண்ணுக்குத் தெரியுற ரெண்டை மட்டும் சொல்றேன்.

ஒண்ணு பள்ளிக்கூடம். நான் படிச்ச பள்ளிக்கூடத்துப் பலகையில் 'ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளி'ன்னு இருக்கும். சின்ன வயசுல அந்தப் பேருக்கு அர்த்தமே தெரியாது. 1958-ல் பஞ்சாயத்துச் சட்டம் வந்து, அதுல இருந்து ஒன்றியங்கள் உண்டாகி, ஆரம்பப் பள்ளிக்கூடங்களை நடத்துற பொறுப்பு ஒன்றியத்துக்கு வந்துச்சு. அதாவது எங்க ஊர்ப் பள்ளிக்கூடம் எங்க ஓட்டுல வந்த ஒரு சபைக்குச் சொந்தம். 1956-ல் பக்கத்துச் சீமையான எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கினது. எங்க வயல்ல நாத்து நட்ட குடும்பத்துப் பிள்ளைகள் அந்தச் சோத்துக்காகத்தான் முதல்ல பள்ளிக்கூடம் வந்தாங்க. அதுல ஒருத்தர் பின்னால வாத்தியார் ஆனார், எனக்கே கணக்குச் சொல்லிக் கொடுத்தார். பட்டா கொடுக்காத ஒண்ணை சோறும் சிலேட்டும் கொடுத்துச்சு.

இன்னொண்ணு கரண்ட். கமலை இறைச்ச எங்க கிணத்துல மோட்டார் ஓடினது அறுபதுகளில். கிணத்து மோட்டாருக்கு இணைப்புக் கொடுத்ததில் அப்ப இந்தியாவிலேயே முன்னால நின்னது நம்ம ராஜ்யம்தான். ஓட்டு உள்ளவன் கிராமத்துல இருக்கான், அதனால கம்பி கிராமத்துக்கு வந்துச்சு. பாபநாசம் கரண்டு முதல்ல யாருக்குப் போச்சு, அப்புறம் யாருக்கு வந்துச்சுன்னு பாத்தா இது விளங்கும்.

இவ்வளவு செஞ்ச காமராஜரை என்ன செஞ்சோம்? 1967-ல் சொந்த ஊரான விருதுநகரில் 1,285 ஓட்டு வித்தியாசத்தில் தோக்கடிச்சோம். ஜெயிச்சவர் பெ. சீனிவாசன், மாணவர் தலைவரா இருந்த இளவட்டம். காமராஜர் அப்ப முதலமைச்சர் இல்ல, அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர், ரெண்டு பிரதமர்களை உக்கார வச்சவர். இந்தி எதிர்ப்பு ஒரு காரணம். எங்க அப்பா கணக்குல முதல் காரணம் மறுபடியும் அரிசிதான். மழை பொய்ச்ச வருஷங்கள், அரிசி கிடைக்காம மக்காச்சோளமும் கோதுமையும் வாங்கித் தின்ன காலம். ரூபாய்க்கு மூணு படி லட்சியம், ஒரு படி நிச்சயம்னு தி.மு.க. சொன்னது அந்த வயித்துல போய் விழுந்துச்சு. ஜெயிச்சு வந்து ஒரு படித் திட்டத்தை சென்னையிலும் கோவையிலும்தான் தொடங்கினாங்க, எங்களுக்கு ஒரு மணி வரலை. அப்பா அதைச் சொல்லி ரொம்ப நாள் திட்டிக்கிட்டிருந்தார். இத்தனைக்கும் அவரும் அவங்களுக்குத்தான் குத்தியிருந்தார். ஆனா அதுக்கப்புறம் எந்தக் கட்சி வந்தாலும் ரேஷன் அரிசியில கை வைக்கத் துணியலை. அரிசியில கை வச்சா காமராஜரே தோப்பார்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு.

அமர்த்தியா சென் சொன்னது இங்கதான் எனக்குப் புரிஞ்சது. தேர்தலும் பத்திரிகையும் ஒழுங்கா நடக்குற நாட்டுல பெரும் பஞ்சச் சாவு வந்ததில்லைங்கிறது அவர் வாதம். 1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கில் செத்தாங்க, ஆண்டவன் வெள்ளைக்காரன், அவனை யாரும் ஓட்டுப் போட்டு இறக்க முடியாது. 1959-க்கும் 61-க்கும் இடையில சீனாவில் கோடிக்கணக்கில் செத்தாங்க, அங்கயும் கேக்க ஆள் இல்ல. இங்க 1967-ல் கோதுமை தின்னோம், வயிறு வலிச்சுச்சு, ஆட்சியை மாத்தினோம்.

மருமகனுக்குப் புத்தகம் படிச்சவன் சொன்னாத்தான் ஏறும். அவனுக்காக இதையும் தேடினேன். டேரன் அசெமோக்லுவும் இன்னும் மூணு பேரும் சேர்ந்து 1960-ல் இருந்து 2010 வரை உலக நாடுகளோட கணக்கை எடுத்துப் பாத்து 2019-ல் ஒரு கட்டுரை போட்டாங்க. சர்வாதிகாரத்தில் இருந்து ஜனநாயகத்துக்கு மாறின நாடுகளில், மாறாம இருந்திருந்தா வந்திருக்கக்கூடிய தலைவீத வருமானத்தை விட, 25 வருஷம் போல ஆகும்போது சுமார் 20 சதவீதம் கூடுதலா இருக்குன்னு அதுல வருது. இதைப் படிச்சதும் எனக்குத் தென்னைதான் ஞாபகம் வந்துச்சு. வச்சவுடனே காய்க்காது. மாப்ள சொன்ன சிங்கப்பூர்லயும் தேர்தல் நடக்கத்தான் செய்யுது, ஆள்ற கட்சி தோத்ததில்லைங்கிறதுதான் சேதி. அது ஒரு ஊரளவு நாடு, துறைமுகம். தென்கொரியாவும் ராணுவ ஆட்சியில வேகமா வளர்ந்துச்சு, அதை மறுக்க முடியாது. ஆனா 1987-ல் சனம் தெருவுக்கு வந்து தேர்தலை வாங்கின பிறகும் அது படுத்துடலை. இன்னும் வளர்ந்துச்சு.

ஆனாலும் நாட்டுக்கணக்கை வச்சு கம்மாயை அளக்க முடியாது. ஓட்டு எங்களுக்குக் கெடுதலும் செஞ்சிருக்கு. கரண்டையே எடுத்துக்கோங்க. எழுபதுகளில் கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில விவசாயிகள் திரண்டு, துப்பாக்கிச் சூடு வரைக்கும் போச்சு. அந்தப் போராட்டத்துக்கு அப்புறம்தான் 1984-ல் சிறு விவசாயிக்கு இலவசம், 1990 வாக்கில் எல்லாருக்கும் இலவசம். எனக்கும் இலவசம்தான், வேண்டாம்னு சொல்லலை. ஆனா மோட்டார் ஓட காசு இல்லைன்னதும் ராத்திரி பகல் பாக்காம ஓடவிட்டோம். தாத்தா வெட்டின கிணறு இப்ப குப்பை போடுற குழி. போர் போட்டுப் போட்டு எத்தனை அடின்னு வெளிய சொல்லவே கூச்சமா இருக்கு. நிலத்தடித் தண்ணிக்கு ஓட்டு இல்ல பாருங்க.

இன்னொரு கெடுதல், ஓட்டு எல்லாம் மேல போய்ச் சேர்ந்துட்டது. சட்டசபைக்கும் பார்லிமென்ட்டுக்கும் தவறாம தேர்தல் நடந்துச்சு. ஊர்ப் பஞ்சாயத்துக்கு? 1970-ல் நடந்துச்சு, அப்புறம் 1986-ல்தான். நடுவுல ஒரு தலைமுறையே பஞ்சாயத்துத் தேர்தலைப் பாக்காம வளர்ந்துச்சு. அந்த ஆட்கள் முடிஞ்சதும் 1996 வரைக்கும் திரும்ப அதிகாரிகள் ஆட்சி. புதுச் சட்டப்படி 1996-ல் நடந்து, 2001, 2006, 2011னு ஒழுங்கா வந்துச்சு. 2016-ல் கோர்ட்டு வழக்குல நின்னது, 2019 டிசம்பர்லதான் நடந்துச்சு.

தேர்தல் நடந்த வருஷங்கள்லயும் எல்லா ஊர்லயும் ஒழுங்கா நடந்ததுன்னு சொல்லிட முடியாது. எங்க விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தலிலும், மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்திலும் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டவருக்கு ஒதுக்கீடுன்னதும் பத்து வருஷம் தேர்தலையே நடக்க விடலை. நடந்தாலும் ஜெயிச்சவர் உடனே ராஜினாமா. 2006-ல்தான் அது தீர்ந்துச்சு. வெள்ளைக்காரன் நிலச்சுவான்தாருக்கு ஆறு நாற்காலி போட்டு வச்சதைக் குறை சொன்ன நாமதான், நம்ம ஊர்ல ஒரு நாற்காலியில ஒருத்தர் உக்கார விடலை.

இந்த 2016-க்கும் 19-க்கும் நடுவுல எங்க கம்மாய்க்கு நடந்ததைச் சொல்றேன். நூறு ஏக்கருக்குக் கீழ பாசனம் உள்ள கம்மாய் ஒன்றியத்துக்கு, அதுக்கு மேல உள்ளது அப்ப பொதுப்பணித் துறைக்கு. எங்களது சின்னது, ஒன்றியத்துது. 2017 மழைக்கு முன்னாடி நடு மடையில் கல்லு பேர்ந்து தண்ணி நிக்காம ஒழுகுச்சு. முன்ன மாதிரின்னா தலைவர் வீட்டுத் திண்ணையில போய் உக்காந்துருவோம். அவர் நல்லவரோ கெட்டவரோ, எங்க தெருவைத் தாண்டாம டீக்கடைக்குப் போக முடியாது. அந்த வருஷம் தலைவர் இல்ல, தனி அலுவலர். அவர் கையில எத்தனையோ ஊரு. மனு கொடுத்தோம், நல்லாத்தான் பேசினார், எழுதிக்கிட்டார். அடுத்த தடவை போனா வேற ஆளு. மூணு மனு, மூணு ஆளு. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், எங்க மடை ஒழுகினதால அவங்க யாருக்கும் எதுவும் போகாது, அவ்வளவுதான். போதாததுக்கு, தேர்ந்தெடுத்த பஞ்சாயத்துக்குத்தான் நிதிக்குழு மானியம்னு விதி, தேர்தல் நடக்கலைன்னு மத்திய அரசு பணத்தை நிறுத்தி வச்சது. அந்தக் காலத்துலதான் குடிமராமத்துன்னு மாநில அரசு கம்மாய் வேலை தொடங்கினது. பக்கத்து ஊர்க் கம்மாய்க்கு வந்துச்சு, எங்களுக்கு வரலை. ரெண்டு போகம் கடைமடை காய்ஞ்சது. கடைமடையில நிலம் யாருக்குன்னு சொல்லணுமா? சோத்துக்காகப் பள்ளிக்கூடம் வந்த பிள்ளைகளோட வீடுகள், பின்னால கூலிக்காசுல குருவி சேர்த்த மாதிரி சேர்த்து வாங்கின அரை ஏக்கர், முக்கால் ஏக்கர்.

2019-ல் பாதி இடம் பெண்களுக்குன்னு வந்த தேர்தல்ல எங்க ஊர்ல ஒரு பொம்பளை தலைவி ஆனாங்க. முதல் ஒரு வருஷம் அவங்க வீட்டுக்காரர்தான் எல்லாம் பேசினார், நானும் கிண்டல் பண்ணினேன். ரெண்டாவது வருஷம் கடைமடைப் பொம்பளைகள் நூறு நாள் வேலைக்குப் போற வழியில நேரா அவங்க வீட்டு வாசல்ல மம்பட்டியோட உக்காந்துட்டாங்க. அந்தக் கோடையில மடைக்குக் கல்லு வந்துச்சு.

பால் சொசைட்டியிலயும் இதே பாடம்தான் பாத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைச்சதைப் பேப்பர்ல பெருசாப் போட்டாங்க. அந்தப் பேருக்குப் பின்னால இருக்கிறது சுத்துப்பட்டு ஊர்கள்ல விடியக்காலை கேனைத் தூக்கிக்கிட்டு ஓடுற ஆளுகதான். கம்பெனின்னா பங்குக்கு ஒரு ஓட்டு, பங்கு கூடினா ஓட்டும் கூடும். சொசைட்டியில பத்து மாடு வச்சிருந்தாலும் ஒரு ஓட்டு, ஒத்த மாடு வச்சிருந்தாலும் ஒரு ஓட்டு. தேர்தல் நடந்த வருஷங்களில் எங்க சொசைட்டியில பால் பணம் நாள் தள்ளினா கூட்டத்துல கேள்வி வரும். நடக்காத வருஷங்களில் கேள்வியே வராது, பணம் மட்டும் தள்ளும்.

ஆக மாப்ள, மில்லை ஓட்டு கட்டலை, ஒத்துக்கிறேன். ஆனா கிணத்தை வெட்டலாமா வேண்டாமான்னு எங்க தாத்தா எடுத்த முடிவுல ஓட்டு இருக்கு. நாத்து நட்டவங்க பிள்ளை வாத்தியார் ஆனதுல இருக்கு. நம்ம ஆளே நாற்காலியில இருந்ததால இதெல்லாம் வரலை, நம்ம ஆளா இருந்தாலும் இறக்கிருவோம்கிற பயம் இருந்ததால வந்துச்சு. அந்தப் பயம் மேல சென்னையில இருக்கு. கீழ ஊருக்குள்ள அடிக்கடி காணாமப் போயிருது.

2025 ஜனவரியோட பஞ்சாயத்துப் பதவிக்காலம் மறுபடி முடிஞ்சது. மறுபடி தனி அலுவலர். போன மழையில தெக்கு மடையோட ஷட்டர் துருவேறி இறங்க மாட்டேங்குது. ஐப்பசிக்குள்ள சரி பண்ணலைன்னா பெய்யுற மழை கலிங்கு வரைக்கும் ஏறாது. நேத்து ராத்திரி உக்காந்து மனு எழுதினேன். முன்னாள் தலைவி கையெழுத்துப் போட்டுட்டாங்க, கடைமடைக்காரங்க பதினெட்டுப் பேர் போட்டுட்டாங்க, மருமகனையும் ஒரு கையெழுத்துப் போட வச்சேன். பெறுநர்ங்கிற இடத்துல யார் பேரு எழுதுறதுன்னு கேட்டான். இப்ப யாரு இருக்காங்கன்னு தெரியலை. 'தனி அலுவலர் அவர்கள்'னு மட்டும் எழுதச் சொன்னேன்.